கண்ணாடி அரியணையும் மணிபல்லவமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

‘நான் அண்மையில் படித்த நூல்’ என்னும் தலைப்பில் பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். முப்பதாண்டுக் காலம் தமிழாசிரியனாக இருந்தவன் திருக்குறளைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுவான் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் நான் அண்மையில் படித்த நூல், பதினாறு பதினேழு வயதுப் பெண்கள் விரும்பிப் படிக்கும் ஓர் ஆங்கிலப் புதினம். உண்மையை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அதனைப் பற்றியே பேசத் துணிந்தேன். அந்நூல் என்னைக் கொண்டு சேர்த்த இடம் வெளிநாடு அன்று, நம் வீட்டு வாசலே என்பதை முடிவில் நீங்களே காண்பீர்கள்.

அந்நூல் என் கைக்கு வந்த வழி பெருமைக்குரியது அன்று. என் பேத்தி தேர்வு நெருங்கிய நாளில் ஒரு தடித்த புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அட்டையைப் பார்த்தேன். கையில் ஆயுதம் ஏந்திய ஒரு பெண். “இது என்ன நூல்?” என்றேன். “ஃபே கதை, தாத்தா” என்றாள். “ஃபே என்றால்?” என்றேன். சற்றுத் தயங்கி, “யட்சி மாதிரி” என்றாள். எனக்குச் சினம் வந்தது. “பேய்க்கதை படிக்கும் நேரமா இது?” என்று புத்தகத்தைப் பறித்து என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. அன்றிரவு அவள் உண்ணாமல் உறங்கினாள் என்பதை மறுநாள்தான் அறிந்தேன்.

குற்றம் சாற்றுவோன் குற்றத்தை ஆராய வேண்டுமன்றோ? கண்டிப்பதற்குச் சான்று தேடுவோம் என்று அன்றிரவு அந்நூலைப் பிரித்தேன். பெரியோர்களே, பொழுது விடியும்வரை நான் அதை மூடவில்லை.

அந்நூலின் பெயர் ‘த்ரோன் ஆஃப் கிளாஸ்’. கண்ணாடி அரியணை என்று பொருள். எழுதியவர் சாரா ஜே. மாஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 2012-ஆம் ஆண்டு வெளிவந்த இதுவே அவருடைய முதல் புதினம். இதனைத் தம் பதினாறாம் வயதில் எழுதத் தொடங்கினார் என்பது நம் பிள்ளைகள் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி. சிண்ட்ரெல்லா கதையை நீங்கள் அறிவீர்கள். அந்த ஏழைப்பெண் இளவரசனை மணக்க அன்று, கொல்ல வந்தவளாக இருந்தால் எப்படியிருக்கும் என்னும் எண்ணமே இக்கதையின் வித்து. அந்த ஒரு வித்து ஏழு பெரும் புதினங்களாக வளர்ந்து 2018-இல் நிறைவுற்றது.

கதையைச் சுருங்கச் சொல்கிறேன். செலேனா என்பவள் பதினெட்டு வயதுப் பெண். கொலைத் தொழிலில் பயிற்றப்பட்டவள். பிடிபட்டு, உப்புச் சுரங்கத்தில் அடிமையாக ஓராண்டு உழன்றவள். ஒருநாள் இளவரசன் அவளை அழைத்து ஒரு வாய்ப்பு அளிக்கிறான். அரசனுக்குரிய தலைமை வீரனைத் தேர்ந்தெடுக்க ஒரு போட்டி நடக்கும். அதில் அவள் வென்று, நான்காண்டு பணி செய்தால் விடுதலை. தோற்றால் மீண்டும் சுரங்கம். கண்ணாடியால் எழுப்பிய அரண்மனையில் போட்டி தொடங்குகிறது. போட்டியாளர்கள் ஒருவர்பின் ஒருவராக இரவில் கொல்லப்படுகின்றனர். கொல்வது மனிதக் கை அன்று. முன்னாளில் அந்நாட்டில் ஃபே எனும் தெய்வக்குலத்தார் வாழ்ந்தனர். மாயமும் மந்திரமும் இப்போது ஒடுக்கப்பட்டுவிட்டன. ஆயினும் ஃபே குருதி கலந்த பழைய அரசி ஒருத்தியின் ஆவி செலேனாவுக்கு வழிகாட்டுகிறது. இறுதிப் போரில் அவள் அருந்தும் மதுவில் நச்சுப்பொருள் கலக்கப்படுகிறது. தலை சுழல, கால் தளர, அவள் எழுந்து நின்று வெல்கிறாள். அத்தனை இடுக்கணுக்கும் நடுவில் அவளுக்கு ஆறுதல் தருவது எது தெரியுமா? அரண்மனை நூலகம். ஆம், அந்தக் கொலைகாரி புத்தகப் பித்து உடையவள்!

இதில் குறை இல்லையா எனில், உண்டு. கொலைத் தொழிலை அழகுபடக் காட்டுவது எனக்கு உடன்பாடு அன்று. இவ்வாசிரியரின் வேறு சில நூல்கள் முதிர்ந்தோர்க்கே உரியவை. வயதறிந்து கொடுக்க வேண்டும். ஆனால் என் பேத்தியை அந்நூலில் பிணித்தது எது என்பது எனக்கு விளங்கிவிட்டது. ஒரு பெண் அடைக்கப்பட்டிருக்கிறாள். எல்லாரும் அவளை எடைபோடுகின்றனர். எவரும் அவள் வெல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை. அவள் வெல்கிறாள். இவ்வளவே. இதைப் படிக்க ஒரு பெண்குழந்தை உணவையும் மறப்பாளென்றால், நாம் அவளைக் கடிவதற்குமுன் நம்மைச் சற்றுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபே என்பார் யாவர்? அயர்லாந்து, ஸ்காட்லாந்து முதலிய நாடுகளின் பழங்கதைகளில் மலையிலும் காட்டிலும் மேட்டிலும் மறைந்து வாழும் குலத்தார். அழகு மிக்கவர், நெடுங்காலம் வாழ்பவர், மனிதரை மயக்குபவர். அவர்கள் இரும்புக்கு அஞ்சுவர் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. அவர்கள் தரும் உணவை உண்டவன் அவர்களுக்கு அடிமையாவான் என்பதும் நம்பிக்கை.

இதைக் கேட்டதும் நம் கஞ்சிக்கோட்டு நண்பர் ஒருவர் சிரித்தார். “ஐயா, இவை எங்கள் பாட்டி சொன்னவை அல்லவா?” என்றார். உண்மைதான். இந்நாட்டு யட்சிக் கதையை நம்மில் அறியாதார் யார்? ஏழிலைப்பாலை மரத்தில் உறைபவள், இரவில் தனிவழி போவானிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பவள், இரும்பாணிக்கு அடங்குபவள். கொட்டாரத்தில் சங்குண்ணி அவர்கள் 1909 முதல் தொகுத்து வெளியிட்ட ‘ஐதிஹ்யமாலை’யில் இத்தகைய கதைகள் நிறைய உண்டு. மலையாற்றூர் இராமகிருஷ்ணன் 1967-இல் ‘யட்சி’ என்றே ஒரு புதினம் எழுதினார். பாலை மரக் காடே பாலக்காடு ஆயிற்று என்று சொல்வாரும் உளர். தமிழிலோ அணங்கு என்றும், சூரரமகளிர் என்றும், இயக்கி என்றும், விஞ்சையர் என்றும் பெயர்கள் பல. தென்பாண்டி நாட்டில் இயக்கியே இசக்கியம்மனாக வழிபாடு பெறுகிறாள். அயர்லாந்தில் இரும்பு, இங்கும் இரும்பு! மனித அச்சம் எந்நாட்டிலும் ஒரே வகையான கதையைத்தான் புனைகிறது போலும்.

மறுநாள் காலையில் புத்தகத்தைப் பேத்தியிடம் திருப்பிக் கொடுத்தேன். “முழுவதும் படித்துவிட்டேன்” என்றேன். அவள் கண்கள் விரிந்தன. பின்பு ஒரு கேள்வி கேட்டாள். “தாத்தா, தமிழில் இப்படி ஒருத்தி உண்டா?”

“உண்டே, மணிமேகலை!” என்றேன் பெருமிதத்தோடு. அவள் முகம் வாடியது. “கையில் பாத்திரம் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் சோறு போடுவாளே, அவளா? பாடத்தில் வந்தது” என்றாள்.

அன்பர்களே, முப்பதாண்டு நான் செய்த பணிக்கு ஒரு சிறுமி எழுதிய தீர்ப்பு அது. அப்பாடத்தை நானும் அப்படித்தான் நடத்தினேன். அமுதசுரபி எங்கே கிடைத்தது, அதில் முதலில் பிச்சையிட்டவள் யார், விடை ஆதிரை, இரண்டு மதிப்பெண். உ.வே.சாமிநாதையர் அவர்கள் ஏட்டுச்சுவடிகளோடு போராடி 1898-இல் அச்சேற்றித் தந்த ஒரு பெருங்காப்பியத்தை நாங்கள் ஒரு பாத்திரத்துக்குள் அடைத்துவிட்டோம். அன்று மாலை நான் என் பேத்திக்குச் சொன்ன மணிமேகலையை உங்களுக்கும் சொல்கிறேன். பாடநூலில் வராத பகுதியை மட்டும் சொல்கிறேன்.

அவள் கணிகையர் குலத்து மாதவியின் மகள். அவள் பாட்டி சித்திராபதி அவளை ஆடரங்கில் ஏற்ற முனைகிறாள். சோழ இளவரசன் உதயகுமரன் தேரேறி அவளைத் தேடி வருகிறான். பூப்பறிக்கச் சென்ற உவவனத்தில் அவள் ஒரு பளிக்கறைக்குள் ஒளிகிறாள். கண்ணாடி போன்ற பளிங்கினால் ஆன அறை அது. கண்ணாடி அரண்மனை ஆங்கிலக் கதைக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்தீர்களா?

அன்றிரவு மணிமேகலா தெய்வம் உறங்கும் அவளைத் தூக்கிக்கொண்டு முப்பது யோசனை தெற்கே பறந்து, மணிபல்லவம் என்னும் தீவில் இட்டுச் செல்கிறது. விழித்துப் பார்த்தால் கடற்கரை. தோழி சுதமதி இல்லை. தாய் இல்லை. அவள் அஞ்சி அரற்றுகிறாள். புத்த பீடிகையைக் கண்டு முற்பிறப்பை உணர்கிறாள். முற்பிறப்பில் தனக்குக் கணவனாயிருந்தவனே இப்பிறப்பில் உதயகுமரன் என்றும் அறிகிறாள். அப்போது தெய்வம் தோன்றி இரண்டு மந்திரங்கள் தருகிறது. ஒன்று வானில் பறக்க, மற்றொன்று வேற்றுருக் கொள்ள. தந்துவிட்டு மேலெழுந்த தெய்வம், மறந்தது ஒன்று உண்டு என்று மீண்டும் இறங்கி வந்து பசி தீர்க்கும் மந்திரத்தையும் அருள்கிறது. தெய்வமும் மறக்கும் என்பதில் எத்துணை இனிமை! ஊருக்குப் புறப்படும் மகளை வாசலிலிருந்து திருப்பி அழைத்து எதையோ கையில் திணிக்கும் தாயைப்போல் இருக்கிறது அது.

பின்பு தீவதிலகை என்னும் தெய்வத்தின் துணையால் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபியைப் பெறுகிறாள். இங்கே ஒன்றை நினைவூட்டுகிறேன். ஃபே தரும் உணவு உண்டவனை அடிமையாக்கும் என்று முன்பு சொன்னேன். நம் காப்பியத்தில் தெய்வம் காட்டிய பாத்திரத்து உணவு உண்டவரைப் பசிப்பிணியிலிருந்து விடுவிக்கிறது. காயசண்டிகை என்னும் விஞ்சைமகள் முனிவர் சாபத்தால் யானைத்தீ என்னும் தீராப் பசியுற்றுப் பன்னீராண்டு அலைந்தவள். அவள் மணிமேகலை இட்ட உணவால் நோய் நீங்குகிறாள். மானிடப்பெண் கையால் வானவக் குலத்தவள் நலம் பெறுகிறாள்! மேனாட்டுக் கதையின் நம்பிக்கையை அப்படியே தலைகீழாக்கிய காட்சி இது.

இனித்தான் கடுமை தொடங்குகிறது. உதயகுமரன் தன்னை அறியாதிருக்க, மணிமேகலை காயசண்டிகையின் வடிவம் கொண்டு ஊரார்க்கு உணவளிக்கிறாள். சிறைக்கோட்டம் சென்று கைதிகளின் பசி தீர்க்கிறாள். அரசன் மகிழ்ந்து வரம் தர, சிறையை அறக்கோட்டம் ஆக்குக என்று வேண்டிப் பெறுகிறாள். ஆனால் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் தன் மனைவியைத் தேடி வருகிறான். தன் மனைவி ஓர் இளவரசனோடு உரையாடுகிறாள் என்று மயங்கி, மறைந்திருந்து, உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான்.

எண்ணிப் பாருங்கள். அவள் கொண்ட மாற்றுருவே ஓர் உயிர் போகக் காரணமாயிற்று. அவ்வுயிர் அவள் முற்பிறப்பில் நேசித்த உயிர். மந்திரம் பெற்றதற்கு அவள் கொடுத்த விலை இது. அவளைச் சிறையில் இடுகின்றனர். மகனை இழந்த இராசமாதேவி அவளைத் தன் காவலில் பெற்றுக்கொள்கிறாள். அங்கே மூன்று சோதனைகள்.

முதலாவது, அறிவை மயக்கும் மருந்து. முற்பிறப்பை உணர்ந்த அவள் தெளிவு கலங்கவில்லை. இரண்டாவது, அறிவற்ற இளைஞன் ஒருவனுக்குக் காசு கொடுத்து அவளைக் கெடுக்க ஏவுதல். அவள் ஆணுருக் கொண்டு நிற்க, அவன் அஞ்சி ஓடுகிறான். மூன்றாவது, நோயுற்றாள் என்று பொய் கூறிப் புழுக்கறையில் அடைத்து உணவு மறுத்தல். பசி தீர்க்கும் மந்திரம் அவளைக் காக்கிறது. அரசி நடுங்குகிறாள்.

என் பேத்தி இங்கே குறுக்கிட்டாள். “தாத்தா, அவளுக்குத்தான் பறக்கும் மந்திரம் தெரியுமே! ஏன் பறந்து போகவில்லை?”

இக்கேள்வியை முப்பதாண்டில் எந்த மாணவரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. காப்பியத்தின் போக்கிலே விடை இருக்கிறது. மகனை இழந்த ஒரு தாயின் துயரைத் தீர்க்காமல் செல்லக்கூடாது என்பதால் அவள் இருந்தாள். தன்னைக் கொல்ல முயன்றவளிடம் அவள் கேட்பது, நீ அழுவது உடலுக்கா உயிருக்கா என்பதே. கள், பொய், காமம், கொலை, களவு ஆகியவற்றின் தீமையை எடுத்துரைக்கிறாள். அரசி மனம் மாறி அவளை வணங்க முற்பட, அவளோ அதை ஏற்காது, நீ என் கணவனாயிருந்தவனின் தாய், நீ வணங்குதல் தகாது என்கிறாள். செலேனா எதிரியை வென்றாள். மணிமேகலைக்கு முடிவில் எதிரியே இல்லாமற் போயிற்று.

பெரியோர்களே, இவள் ஒருத்தி மட்டும் அல்லள். குண்டலகேசிக் காப்பியத்தில் சில பாடல்களே நமக்குக் கிடைத்துள்ளன. ஆயினும் அதன் கதை வழங்குகிறது. கள்வன் ஒருவனைக் காதலித்து மணந்தவளை, அவனே மலையுச்சிக்கு அழைத்துச் சென்று தள்ள முனைகிறான். இறக்குமுன் உம்மை வலம்வர வேண்டும் என்று வேண்டி, பின்னால் வந்து அவனைத் தள்ளி உயிர் பிழைக்கிறாள் அவள். அதன்பின் நாவற்கிளையை நட்டு, நாடெங்கும் அறிஞரை வாதுக்கு அழைக்கிறாள். நீலகேசியோ ஒரு பேய்மகள். பழையனூர் நீலியின் பெயரைக் கேட்டாலே நம் பாட்டிமார் நடுங்குவர். அந்த நீலி, முனிவர் ஒருவரின் தவத்தைக் கெடுக்க வந்து, அவரிடமே அறம் கற்று, வாதத்தில் யாவரையும் வெல்லும் தத்துவப் புலவராகிறாள். பேயைப் பேராசிரியையாக்கிய நூல் உலகில் வேறு எங்குண்டு? அதனைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936-இல் பதிப்பித்தார்.

இம்மூவர் கதையையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஆங்கிலப் புதினத்தில் கடைசிச் சோதனை வாட்போர். நம் நூல்களில் கடைசிச் சோதனை அறிவுப் போர். சாவிலிருந்து தப்பிய பெண் அடுத்து நாடிச் செல்வது கல்வியை.

மணிமேகலை சிறை நீங்கிய பின் சேரநாட்டு வஞ்சி நகர் செல்கிறாள். வஞ்சி என்பது கருவூரா, கொடுங்கல்லூரா என்று அறிஞர் கருத்து வேறுபடுவர். கருவூராயின் நமக்குக் கிழக்கே, கொடுங்கல்லூராயின் மேற்கே. எதுவாயினும், இவ்விரண்டையும் இணைத்த பழைய வழி நம் பாலக்காட்டுக் கணவாய் வழியே. ஆகவே அவள் நம் அயல்வீட்டுக்கு வந்தவள் என்று நாம் உரிமை பாராட்டலாம். அங்கே கண்ணகி, கோவலன் உருவங்களை வணங்குகிறாள். பின்பு அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பதின்மரிடம் அவரவர் சமய நுட்பங்களைக் கேட்கிறாள்.

ஆனால் தன் உருவில் கேட்கவில்லை. முதிய ஆண் துறவியின் வடிவில் கேட்கிறாள். ஏன்? மணிபல்லவத்தில் தெய்வம் அன்றே சொல்லிவிட்டது. இவள் இளையள், வளையல் அணிந்த பெண் என்று எண்ணி எவரும் உனக்கு மெய்ப்பொருளை உரைக்கமாட்டார்கள், ஆகவே வேற்றுரு வேண்டும் என்பது அதன் கருத்து. வேற்றுரு மந்திரம் அவளுக்குத் தரப்பட்ட காரணம் இதுவே! பேயை வெல்ல அன்று. பகையை வெல்ல அன்று. கற்பிக்க மறுப்பவரை வெல்ல.

இந்த இடத்தில் நான் நூலை மூடி வைத்தேன். மேலே படிக்க என்னால் இயலவில்லை. காரணத்தை உங்கள் முன் சொல்லியே ஆக வேண்டும்.

சென்ற ஆண்டு நம் காலனியில் ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பில் சிறந்த மதிப்பெண் பெற்றாள். கோயம்புத்தூரில் கல்லூரியில் இடமும் கிடைத்தது. அனுப்புவதா வேண்டாவா என்று அவள் பெற்றோர் நம்மிடம் கருத்துக் கேட்டனர். காட்டு வழி, மாலையில் இருட்டிவிடும், பேருந்து தவறினால் என்ன செய்வது, வயதுப் பெண் என்று நாம் சொன்னோம். “நாம்” என்று மறைவானேன்? முதலில் சொன்னவன் நானே. பெரியவர் சொல்லிவிட்டார் என்று பெற்றோர் நிறுத்திவிட்டனர். அவள் இன்றும் வீட்டில் இருக்கிறாள். இளையள், வளையல் அணிந்தவள், ஆகவே கல்வி இல்லை என்ற அந்தப் பழைய சொல்லை, மணிமேகலையைப் பாடம் நடத்திய என் வாயே சொல்லிற்று. அவளுக்கு வேற்றுரு மந்திரம் தர எந்தத் தெய்வமும் வரவில்லை.

அந்தப் பெண் இந்த மன்றத்தில் இருப்பாள் என்று நம்புகிறேன். அம்மா, நான் செய்தது பிழை. உன் பெற்றோரிடமும் இதனைச் சொல்கிறேன். வரும் கல்வியாண்டில் அவளை அனுப்புங்கள். மாலையில் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்து அழைத்து வர ஒருவர் வேண்டுமெனில், ஓய்வு பெற்ற எனக்கு வேறு வேலை இல்லை. நான் நிற்கிறேன். இன்னும் நால்வர் முறைவைத்து நிற்பாராயின், நம் காலனிப் பெண்கள் எவரும் இருட்டைக் காரணமாகக் கொண்டு கல்வியை இழக்க மாட்டார்கள்.

அன்பர்களே, நாம் எல்லையில் வாழ்பவர்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மலபார் சென்னை மாநிலத்தினின்று பிரிந்து கேரளத்தோடு இணைந்தது. அதனால் நம்முள் சிலருடைய முன்னோர் இடம் பெயராமலே வேற்று மாநிலத்தார் ஆயினர். பலர் பின்னர்ச் சிமெண்டு ஆலைக்கும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கும் பிழைப்பு நாடி வந்தோம். நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும், புத்தகத்தில் ஆங்கிலமும், வீட்டில் தமிழும் பேசுகின்றனர். இதை ஒரு குறை என்று நாம் புலம்புவது வழக்கம். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. யட்சியையும் ஃபேயையும் விஞ்சையரையும் ஒருங்கே அறியும் வாய்ப்பு வேறு எந்தக் குழந்தைக்கு உண்டு? மூன்று கதவுகளில் இரண்டை அவர்களே திறந்துகொண்டார்கள். தமிழ்க் கதவைத் திறந்து வைப்பது நம் கடமை. அதற்கு நாமே அதைப் பூட்டியவர்கள் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே சங்கத்தாருக்கு இரண்டு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் ஓர் அடுக்கைப் பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். அதில் ‘கண்ணாடி அரியணை’யும் இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் உ.வே.சா. பதிப்பித்த மணிமேகலையும், எளிய உரைநடையில் அமைந்த மணிமேகலைக் கதையும், நீலகேசியும் இருக்கட்டும். முதற் பிரதியை என் பேத்தியே தன் நூலிலிருந்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் பறித்த அதே புத்தகம் அது. இரண்டாவது, ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகள் கூடிக் கதை படிக்கட்டும். அங்கே நாம் பாடம் நடத்த வேண்டா. அவர்கள் கேள்வி கேட்கட்டும், நாம் அருகிலிருந்து கேட்போம். ஏன் பறந்து போகவில்லை என்று கேட்ட ஒரு கேள்வி, முப்பதாண்டு ஆசிரியனைத் திருத்தியது என்பதை மறவாதீர்கள்.

தாய்மார்களே, உங்கள் மகள் இரவில் விளக்கெரிய விட்டுப் படிக்கிறாளா? விளக்கை அணைக்குமுன் ஒரு கணம் அவள் பக்கத்தில் அமருங்கள். கதை எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். அவள் சொல்லி முடித்ததும், “எனக்கும் ஒருத்தியைத் தெரியும்” என்று தொடங்கி, புழுக்கறையில் அடைபட்டும் அஞ்சாது நின்ற மணிமேகலையின் கதையைச் சொல்லுங்கள். சோற்றுப் பாத்திரத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.